ஞாயிறு மியூசியம், திங்கள் புத்தகக் கடை: கொல்கத்தா பற்றி வாசகர் கேள்விகள்

கொல்கத்தாவின் அருங்காட்சியகங்கள், பழைய புத்தகக் கடைகள், காபி ஹவுஸ் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஞாயிறு காலை ஹவுராவில் இறங்கி, திங்கள் இரவு திரும்ப ரயில் ஏறுகிறோம். முதல் நாள் காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள், மறுநாள் மியூசியங்கள் என்று திட்டம் போட்டிருக்கிறோம். இரண்டு நாள் போதுமா?
_வாசகர், கோயம்புத்தூர்_

போதும். ஆனால் திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையில் போனால் இரண்டு நாளும் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ஞாயிறு விடுமுறை. இந்தியன் மியூசியம், விக்டோரியா மெமோரியல் காட்சிக்கூடங்கள், தாகூர் பிறந்த ஜொராசாங்கோ வீடு எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிறு மியூசியம், திங்கள் புத்தகம் என்று மாற்றினால் உங்கள் இரண்டு நாளும் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

ஞாயிறு: ஹவுரா ஸ்டேஷனுக்கு அடியிலேயே மெட்ரோ இருக்கிறது. ஹூக்ளி ஆற்றுக்குக் கீழே போகும் இந்தப் பாதை 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. எஸ்பிளனேடில் இறங்கிப் பழைய வடக்கு-தெற்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே பார்க் ஸ்ட்ரீட். ஞாயிறு காலையில் மெட்ரோ தாமதமாகத்தான் ஓட ஆரம்பிக்கும். அதிகாலை ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனில் ப்ரீபெய்டு டாக்ஸி எடுத்து, அறையில் மூட்டையை வைத்துவிட்டு வருவது நல்லது. பத்து மணிக்கு இந்தியன் மியூசியத்தில் நுழையுங்கள். மதியச் சாப்பாட்டைப் பார்க் ஸ்ட்ரீட்டில் முடித்துக்கொண்டு, மூன்று மணிக்குள் விக்டோரியா மெமோரியலில் இருங்கள். தோட்டத்துக்கு ஒரு சீட்டு, காட்சிக்கூடத்துக்கு வேறு சீட்டு. கவுன்ட்டரில் ‘கேலரி’ என்று சொல்லி வாங்காதவர்கள் தோட்டத்துச் சீட்டுடன் வாசல்படி வரை போய்த் திரும்புகிறார்கள். கட்டடம் 1921இல் திறக்கப்பட்டது, மக்ரானா பளிங்கு. வெளியே நின்று படம் எடுப்பவர்கள் பலர் தவறவிடுவது, உள்ளே இருக்கும் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் எண்ணெய் ஓவியங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்த இருவர் இவர்கள்.

திங்கள்: பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே நான்காவது நிறுத்தம் மகாத்மா காந்தி ரோடு. வெளியே வந்து அதே சாலையில் கிழக்கே, சியால்டா பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் காலேஜ் ஸ்ட்ரீட் சந்திப்பு. கடைகள் முழுதாகத் திறக்கப் பதினொரு மணி ஆகும். அதற்கு முன் போய்விட்டால் காபி ஹவுஸில் உட்காருங்கள், காலையில் மேசை சுலபமாகக் கிடைக்கும்.

இன்னொன்று. சென்னையிலிருந்து வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. அங்கே மெட்ரோ கிடையாது. உங்கள் சீட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியன் மியூசியம் மிகப் பெரியது என்கிறார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான். மம்மியைத் தவிர எதைப் பார்ப்பது?
_வாசகி, மதுரை_

மம்மியை விட்டாலும் பரவாயில்லை, பார்ஹுத் கூடத்தை விடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கே கொடுங்கள்.

ஆசியாட்டிக் சொசைட்டி 1814இல் தொடங்கிய மியூசியம் இது. முதல் பொறுப்பாளர் நதானியல் வாலிச் என்ற டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர். ஊர்க்காரர்கள் இதை ‘ஜாதுகர்’ என்பார்கள், மாய வீடு என்று பொருள். டாக்ஸிக்காரரிடம் அப்படிச் சொன்னாலே போதும்.

பார்ஹுத் ஸ்தூபி இருந்த இடம் இன்றைய மத்தியப் பிரதேசத்தில், சத்னா பக்கம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1873இல் கண்டெடுத்தபோது ஊர் மக்கள் செங்கல்லையெல்லாம் வீடு கட்டக் கொண்டுபோயிருந்தார்கள். மிஞ்சிய கல்வேலியும் தோரணவாயிலும் கொல்கத்தா வந்து சேர்ந்தன. சென்னை எழும்பூரில் அமராவதிக் கற்களைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். அது வெளிர்ந்த சுண்ணாம்புக்கல், இது சிவந்த மணற்கல். அமராவதியில் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடிக்கும். பார்ஹுத்தில் ஒவ்வொன்றும் தட்டையாக, தனித்தனியாக, கோலத்தில் வைத்தது போல நிற்கும்.

பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதலில் வேலியின் வட்டப் பதக்கங்களைப் பாருங்கள். பல சிற்பங்களுக்கு மேலோ கீழோ பிராமி எழுத்தில் தலைப்பு வெட்டியிருப்பார்கள். கதையின் பெயரைச் சிற்பியே எழுதிவைத்துவிட்டதால் புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகக் கதைகளை அடையாளம் காண்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பாதி வேலை மிச்சமானது. தேட வேண்டிய பதக்கம் ஜேதவனம். அநாதபிண்டிகர் என்ற வணிகர், தோப்பு முழுக்கக் காசு பரப்பி அதையே விலையாகக் கொடுத்து வாங்கிப் புத்தருக்குத் தானம் செய்யும் காட்சி. மாட்டு வண்டியிலிருந்து காசு இறங்குகிறது, ஆட்கள் சதுரக் காசுகளைத் தரையில் பாய்போல அடுக்குகிறார்கள், நடுவில் வணிகர் கெண்டியிலிருந்து நீர் வார்க்கிறார். அந்தக் காலத்து முத்திரைக் காசுகள் சதுரமானவை என்பதால், கதையோடு அன்றைய நாணயத்தின் படமும் நமக்குக் கிடைத்துவிட்டது. இவ்வளவு கற்களிலும் புத்தரின் மனித உருவம் ஒன்றுகூட இருக்காது. மரம், சக்கரம், பாதச்சுவடு, காலி ஆசனம், அவ்வளவுதான். அதைப் பார்த்த கையோடு காந்தாரக் கூடத்துக்குப் போனால் அங்கே மடிப்பு மடிப்பான அங்கியோடு புத்தர் நிற்பார். இந்த இரண்டு கூடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே இரண்டு மணி நேரம் வீண்போகாது.

நுழையும்போதே எந்தெந்தக் கூடம் பூட்டியிருக்கிறது என்று கவுன்ட்டரில் கேளுங்கள். பராமரிப்புக்காக எப்போதும் ஏதாவது ஒன்று மூடியிருக்கும். பெரிய பைக்கு அனுமதி இல்லை. புத்தகம் வாங்கிய பிறகு மியூசியம் போகாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் அபூர்வமான பழைய புத்தகம் வாங்குவது எப்படி? ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்? பேரம் உண்டா?
_வாசகர், திருச்சி_

முதலில் ஒரு சொல். வங்காளத்தில் புத்தகத்துக்குப் பெயர் ‘பொய்’, புத்தகப் பேட்டைக்குப் ‘பொய்பாடா’. பகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் வேறு பொருள் வந்துவிடுவது நம் எழுத்தின் குறும்பு. ஆனால் பழைய புத்தகம் வாங்குகிறவர் அந்தத் தமிழ்ப் பொருளையும் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

பிரசிடென்சி பல்கலைக்கழக மதிலை ஒட்டிய தகரப் பெட்டிக் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் பாடநூலும் போட்டித் தேர்வு கைடும்தான். அதைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். பழைய சரக்கு பெட்டிக்குப் பின்னால், மேல் அடுக்கில், சில சமயம் இன்னொரு சந்தில் இருக்கும் கிடங்கில் இருக்கும். “பழைய புத்தகம் இருக்கிறதா” என்று கேட்டால் கைடு வரும். ‘வங்காளப் பறவைகள்’, ‘ரயில்வே வரலாறு’, ‘தேயிலைத் தோட்டம்’ என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு நான்கையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது. கடைக்காரர் பையனை அனுப்பி நாலு கடையில் தேடச் சொல்வார். அந்தத் தேடலுக்கான கூலி விலையில் சேர்ந்துதான் வரும். காலை பதினொன்றரைக்குத் தாளைக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வாருங்கள்.

கைக்கு வந்த புத்தகத்தில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை முதலில் திருப்புங்கள். வங்காளப் புத்தகத்தில் ‘பிரதம் சங்ஸ்கரண்’ என்றால் முதல் பதிப்பு. ‘புனர்முத்ரண்’ என்று வந்தால் மறு அச்சு. ஆண்டு வங்காள ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதோடு 593 கூட்டினால் நம் ஆண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரையிலான மாதமானால் 594. 1317 என்றால் 1910-11. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வங்காள எழுத்தில் நான்கு, பார்க்க நம் 8 மாதிரி இருக்கும். ஏழு, நம் 9 மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் 1314ஐ 1318 என்று படித்துவிடுகிறார்கள்.

அடுத்தது படங்கள். ஆங்கிலப் பயண நூல், தாவர நூல், வரைபட நூல் எதுவானாலும் முன்பக்கத்தில் படப் பட்டியல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் எண்ணுங்கள். படத்தை வெட்டிச் சட்டம் போட்டுத் தனியாக விற்றால் முழுப் புத்தகத்தைவிட அதிகம் கிடைக்கும் என்பதால் அவைதான் முதலில் காணாமல் போகும். பின்னட்டைக்குள் மடித்து வைத்த வரைபடம் இருந்ததா என்பதை, ஒட்டியிருந்த காகிதத்தின் கிழிசல் சொல்லும்.

காகிதத்தை மடித்துப் பார்த்துச் சோதிக்கிறவர்கள் உண்டு. உடைந்தால் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள், செய்யாதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, தையல் ஓரத்தில் பழுப்புத் தூள் கிடக்கிறதா என்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ்க் காகிதம் வந்தது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்ததால் அமிலம் தங்கி, நாளாக ஆக அப்பளம் போல நொறுங்கும். அதற்கு முந்திய கந்தல் துணிக் காகிதம் இருநூறு வருடமானாலும் வளைந்து கொடுக்கும். எனவே 1820இல் அச்சான புத்தகம் 1920இல் அச்சானதைவிட நல்ல நிலையில் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். பளிச்சென்ற வெள்ளைத் தாளில் 1820 என்று போட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய ஈய எழுத்து அச்சு தாளில் அழுந்தியிருக்கும், பக்கத்தின் பின்புறம் விரலால் தடவினால் மேடு தெரியும். வழவழவென்று இருந்து, எழுத்தின் விளிம்பும் மங்கியிருந்தால் அது நகலெடுத்து அச்சிட்டது.

ஈரம் பட்ட புத்தகம் கொல்கத்தாவில் நிறைய உண்டு. 2020 மே மாதம் வந்த அம்பன் புயலில் காலேஜ் ஸ்ட்ரீட்டின் புத்தகங்கள் தண்ணீரில் மிதந்தன. ஓரம் அலையலையாக வளைந்திருப்பதும் பழுப்புக் கோடு ஓடுவதும் அதன் அடையாளம். சாதாரணத் தாள் என்றால் படிக்க வாங்கலாம். பளபளப்பான ஆர்ட் காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டால் பிரியவே பிரியாது, விட்டுவிடுங்கள். பூச்சித் துளை பழையதா புதியதா என்று அறிய, புத்தகத்தை வெள்ளைத் தாளின் மேல் லேசாகத் தட்டுங்கள். புது மாவு கொட்டினால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. வாங்கியே தீர வேண்டுமென்றால், வீட்டில் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீஸரில் மூன்று வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் தாள் வியர்த்துவிடும். தோல் அட்டைக்கும் புகைப்பட ஆல்பத்துக்கும் இந்த வைத்தியம் ஆகாது.

நூலக முத்திரை இருந்து, ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை இல்லாவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

பேரம்: புது வங்காளப் புத்தகத்துக்கு நூற்றுக்கு இருபது வரை தள்ளுபடி கேட்காமலே தருவது இங்கே வழக்கம். பழையதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசாமல், நாலைந்தை அடுக்கி வைத்து மொத்த விலை கேளுங்கள். நிஜமாகவே வேண்டிய புத்தகத்தை அடுக்கின் நடுவில் வைப்பது பழைய தந்திரம்தான், கடைக்காரருக்கும் தெரியும். இருந்தாலும் வேலை செய்கிறது.

கடைகளில் தாஸ்குப்தா அண்ட் கம்பெனி 1886 முதல் இருக்கிறது, புதுப் புத்தகத்துக்கு நல்ல இடம். ஆங்கில நாவலும் பழைய இசைத்தட்டும் தேடுகிறவர்கள் மியூசியத்துக்குப் பின்னால் மிர்ஸா காலிப் தெருவுக்குப் போகலாம். எல்லோரும் இன்னும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார்கள்.

அங்கே பழைய தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா?
_வாசகர், சென்னை_

காலேஜ் ஸ்ட்ரீட்டில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் படிக்க வேண்டுமானால் அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது. தமிழ்ப் பிரிவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப்பிள்ளையின் சொந்த நூல் சேகரிப்பு இங்கேதான் வந்து சேர்ந்தது. வேலை நாளில் அடையாள அட்டையோடு போங்கள். பையை வெளியே வைக்க வேண்டும், புத்தகம் எடுத்துவரும் வரை காத்திருக்க வேண்டும். எனவே அரை நாளாவது ஒதுக்காமல் போவதில் பலனில்லை. வேண்டிய நூல்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டுப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நாங்கள் சுத்த சைவம். காபி ஹவுஸில் என்ன சாப்பிடலாம்? ஃபில்டர் காபி கிடைக்குமா?
_வாசகி, சேலம்_

ஃபில்டர் காபி என்ற நினைப்போடு மாடி ஏற வேண்டாம். பங்கிம் சாட்டர்ஜி தெருவில் ஆல்பர்ட் ஹால் கட்டடத்தில் இருக்கும் இந்தக் காபி ஹவுஸைக் காபி வாரியம் 1942இல் தொடங்கியது, பிறகு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வந்தது. இங்கே எல்லோரும் கேட்பது ‘இன்ஃப்யூஷன்’. பால் இல்லாத கறுப்புக் காபி, அவ்வளவுதான். நம் டிகாக்‌ஷனின் கெட்டி அதில் இருக்காது. குளிர்ந்த காபி பரவாயில்லை. உண்மையில் அங்கே போவது காபிக்காக இல்லை, மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள் என்பதற்காக. வாங்கிய புத்தகத்தைப் புரட்ட மேல் பால்கனி மேசை நல்ல இடம், கீழே சத்தம் அதிகம்.

சாப்பாட்டில் கவனம் தேவை. ‘கபிராஜி’ என்பது அடித்த முட்டையில் வலைபோலப் பொரித்த கட்லெட், உள்ளே கோழியோ மீனோ இருக்கும். ‘பகோடா’ என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடலாம், ‘வெஜ்’ சேர்த்துச் சொல்லுங்கள். ‘நிராமிஷ்’ என்ற சொல் எங்கேயும் உதவும். சைவம் என்பதோடு வெங்காயம், பூண்டு இல்லாதது என்றும் பலர் புரிந்துகொள்வார்கள். தெருவோர ‘குக்னி’ பட்டாணிதான் என்றாலும் சிலர் கொத்துக்கறி போடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நிம்மதியாகச் சாப்பிட, பக்கத்திலேயே சூர்ய சென் தெருவில் புட்டிராம் இருக்கிறது. உளுந்துப் பூரணம் வைத்த பூரியான ராதாபல்லபியும் கடலைப்பருப்புக் கூட்டும். பிறகு காலேஜ் ஸ்கொயர் ஓரம் 1918 முதல் இருக்கும் பாராமவுன்ட்டில் ‘டாப் ஷர்பத்’, இளநீரும் வழுக்கையும் போட்டது. செய்முறையைச் சொல்லிக் கொடுத்தவர் வேதியியல் அறிஞர் பிரஃபுல்ல சந்திர ராய். ஃபில்டர் காபி இல்லாமல் தலைவலி வந்துவிடும் என்றால், தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் போங்கள். காளிகாட் மெட்ரோவில் இறங்க வேண்டும். பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் இடம், இட்லியும் கிடைக்கும்.

மார்பிள் பேலஸ் போக அனுமதி வேண்டுமாமே?
_வாசகர், புதுச்சேரி_

ஆமாம். 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய தனியார் மாளிகை, கட்டணம் இல்லை. மேற்கு வங்கச் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் குறைந்தது ஒரு நாள் முன்னதாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். திங்கள், வியாழன் விடுமுறை. ஞாயிறு வந்து திங்கள் திரும்புகிறவர்கள் இதை மறந்துவிடலாம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. ஜொராசாங்கோ தாகூர் வீட்டு அறைகளிலும் அப்படியே, செருப்பையும் கழற்ற வேண்டும்.

எந்த மாதம் நல்லது?
_வாசகி, நாகர்கோவில்_

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலேஜ் ஸ்ட்ரீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாட்கள் வரும். துர்கா பூஜை நாட்களில் ஊர் அழகு, புத்தகக் கடைகள் பூட்டு. ஜனவரிக் கடைசியில் சால்ட் லேக்கில் புத்தகக் கண்காட்சி தொடங்கும், மெட்ரோ கருணாமயி ஸ்டேஷன். அது புதுப் புத்தகத்துக்கான இடம், பழையது தேடுகிறவர்களுக்குக் கூட்டம்தான் மிச்சம்.

சிங்கப்பூரிலிருந்து வருகிறேன். பழைய புத்தகங்களை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாமா?
_வாசகர், சிங்கப்பூர்_

கையெழுத்துப் பிரதி, ஓலைச்சுவடி, பழைய ஆவணம் போன்றவை வரலாற்று, இலக்கிய மதிப்புடையவையாகவும் 75 ஆண்டுக்குக் குறையாதவையாகவும் இருந்தால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நீங்கள் வெளியே கொண்டுபோக முடியாது, “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். மற்ற தொல்பொருட்களுக்கு 100 ஆண்டு. சமீபகால அச்சுப் புத்தகங்களுக்குப் பிரச்சினை இல்லை. மிகப் பழைய, விலை உயர்ந்த அச்சு நூல் என்றால் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்துக்கு முந்தின நாள் முடிகிற வேலை இல்லை. ரசீதில் தலைப்பும் அச்சான ஆண்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புத்தகங்களை ஊருக்குத் தபாலில் அனுப்புவது எப்படி? பத்துக் கிலோ வரும்.
_வாசகர், தூத்துக்குடி_

பழைய பதிவு புக் போஸ்ட் இப்போது இல்லை. 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி, 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. ஒரு கட்டுக்கு 5 கிலோதான் உச்சம், எனவே இரண்டு கட்டாகப் பிரியுங்கள். தரை வழியில் போவதால் அவசரத்துக்கு ஆகாது. புத்தகத்தில் பதிப்பகத்தின் பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்க வேண்டும், தலைப்புப் பக்கம் கிழிந்த பழசைக் கவுன்ட்டரில் மறுக்கலாம். விளம்பரம் போட்ட பழைய பத்திரிகைத் தொகுதிகளுக்கும் இது செல்லாது. அவற்றைச் சாதாரணப் பார்சலில் போடுங்கள், அல்லது ரயிலில் கையோடு கொண்டுவாருங்கள்.

கட்டும்போது முதலில் பாலிதீன், அதன்மேல் அட்டை. பெரியது கீழே, சிறியது மேலே. முதுகுப் பக்கம் எல்லாம் ஒரே திசையில் வராமல் மாற்றி மாற்றி அடுக்கினால் கட்டு சாயாது. கயிறை நேராகப் புத்தகத்தின் மேல் இறுக்கினால் அட்டை ஓரம் வெட்டிப்போகும், நாலு மூலைக்கும் மடித்த அட்டைத் துண்டு வைத்து அதன்மேல் கட்டுங்கள். உள்ளேயும் ஒரு முகவரிச் சீட்டு போட்டுவிடுங்கள்.